மாட்டை யார் கறப்பது? மூன்று நாள் புதுச்சேரிப் பயணம்

"இன்னா மச்சான், எல்லாரும் சேந்து மூணு நாள் பாண்டி போய் வரலாமா?"

டீக்கடையில் கிளம்பும் இந்தப் பேச்சு பெரும்பாலும் டீக்கடையிலேயே முடிந்துவிடும். செஞ்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் நாலு கூட்டாளிகள் என்று வைத்துக்கொள்ளலாம். நாலு பேருக்கும் இரண்டு மூன்று ஏக்கர் நிலம், வீட்டுக்கு இரண்டு கறவை மாடு. புதுச்சேரி எழுபது கிலோமீட்டர்தான். ஆனாலும் ஆசுபத்திரிக்கும் கல்யாணத்துக்கும் போனதைத் தவிர, ஊரைப் பார்க்கவென்று ஒருவரும் போனதில்லை. பேச்சு வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு கேள்வியில் நின்றுவிடுகிறது.

"நீங்க போயிட்டு வாங்க. மாட்ட யாரு கறக்கறது? நான்தானே!"

இந்தக் கேள்வியில் கோபம் மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. ஆண்கள் நாலு பேர் கிளம்பினால் நாலு வீட்டிலும் பால் கறப்பது, சொசைட்டிக்கு ஊற்றுவது, தீவனம் வைப்பது, மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மோட்டார் போடுவது எல்லாம் வீட்டுப் பெண்கள் தலையில் விழும். அவருக்கு லீவு, இவருக்கு இரட்டை வேலை. 'பாண்டி' என்றாலே பாட்டில் என்று ஊரில் பேர் இருப்பதால் சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். பயணத் திட்டம் போடும்போது முதலில் தீர்க்க வேண்டியது இதுதான். பஸ்ஸும் லாட்ஜும் அதற்குப் பிறகு.

தண்ணி முறை போல ஒரு முறை

ஒரே கிணற்றில் நாலு பங்காளி இறைக்கும்போது முறை வைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் மடை திறந்தால் மற்றவர் காத்திருக்கிறார். பயணத்துக்கும் அதே வழி சரிப்படும். நாலு குடும்பத்தில் இரண்டு குடும்பம் இந்த மாதம் கணவன், மனைவி, பிள்ளைகளோடு போகட்டும். ஊரில் இருக்கும் இரண்டு குடும்பம் அவர்கள் மாட்டையும் வயலையும் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம்.

ஞாயிறு காலைப் பாலை ஊற்றிவிட்டுக் கிளம்பி, செவ்வாய் மதியம் வீடு திரும்பினால் தவறுவது ஞாயிறு மாலை, திங்கள் இரு வேளை, செவ்வாய் காலை என்று நாலே கறவைதான். அந்த நாலுக்கும் முன்னேற்பாடு வேண்டும். கறவை மாட்டுக்குப் புதுக் கை பிடிக்காது, பாலை அடக்கும். மடியில் பால் தங்கினால் மடிநோய்க்கு வழியாகிவிடும். அதனால் கறக்கப்போகிறவர் ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டுக்காரரோடு சேர்ந்து நின்று கறந்து பழக வேண்டும். புண்ணாக்கு, தவிடு, தீவனம் எதையும் அந்த மூன்று நாளில் மாற்றக் கூடாது. ஒரு வேளைக்கு எவ்வளவு என்று அளந்து பையில் கட்டி வைத்துவிட்டால் குழப்பம் இல்லை. கன்று போடும் நாள் நெருங்கிய மாடு இருக்கும் வீடு அந்த முறையை விட்டுக்கொடுத்து அடுத்த முறையில் போவதே நல்லது.

வயலுக்கும் கணக்கு உண்டு. மார்கழிப் பட்டத்தில் மல்லாட்டை போட்டவர் மாசியில் கிளம்புவதாக இருந்தால், 40-45-ம் நாளில் ஜிப்சம் இட்டு மண் அணைத்து, ஒரு தண்ணி பாய்ச்சிய மறுநாள் கிளம்பலாம். விழுது மண்ணில் இறங்கும் சமயத்தில் வயல் காயக் கூடாது என்பதை, பார்த்துக்கொள்பவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

பணத்துக்குச் சீட்டு முறை கை கொடுக்கும். குடும்பத்துக்கு மாதம் 500 ரூபாய் என்று பொதுவில் போட்டு வந்தால் பத்து மாதத்தில் வீட்டுக்கு 5,000 ரூபாய் சேரும். கடன் வாங்காமல், நகையைத் தொடாமல் போய்வரலாம். கையிருப்பு எவ்வளவு என்று போவதற்கு முன்பே தெரிந்திருப்பதால் செலவும் அதற்குள் அடங்கும்.

எந்த நாளில் கிளம்புவது?

சனி, ஞாயிறோடு ஒரு அரசு விடுமுறை சேர்ந்துவிட்டால் சென்னையும் பெங்களூரும் புதுச்சேரியில்தான் வந்து இறங்கும். அறை வாடகை ஏறும், ஆட்டோ கிடைக்காது, கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. புதுச்சேரிக்கென்று தனி விடுமுறைகளும் இருக்கின்றன. நவம்பர் 1 அந்த ஊருக்கு விடுதலை நாள். பிரெஞ்சு ஆட்சி 1954-ல் அந்தத் தேதியில்தான் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தது. அதற்கான சட்டப்பூர்வ ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அதனால் அங்கே ஆகஸ்ட் 15-ஐ அடுத்து 16-ம் விசேஷ நாள்.

இந்த இணைப்பை முடிவு செய்தது நகரம் இல்லை, கீழூர் என்ற சின்னக் கிராமம் என்பது பலருக்குத் தெரியாது. 1954 அக்டோபர் 18-ல் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். வயல்களுக்கு நடுவே அங்கே இன்றும் நினைவிடம் இருக்கிறது.

விவசாயிக்குக் காலண்டரில் சிவப்பாக இருக்கும் நாள்தான் விடுமுறை என்ற கட்டாயம் இல்லை. இந்த இடத்தில் அவருக்குத்தான் வசதி. ஊரெல்லாம் மூட்டை கட்டிக் கிளம்பும் ஞாயிறு மதியம் இவர்கள் உள்ளே போகலாம். மாதங்களில் மாசி நல்லது. சம்பா அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் கையில் இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. ஐப்பசி, கார்த்திகை புயல் மாதங்கள், அப்போது கடற்கரை ஊருக்குப் போக வேண்டாம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தால் தேர்வுக் காலத்தைத் தவிர்த்துவிட்டு, இரண்டு நாள் லீவு சொல்லிக்கொள்ளலாம்.

ஞாயிறு: சந்தையும் கடலும்

செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாக வரும் பஸ், மறைமலை அடிகள் சாலையில் உள்ள பேருந்து நிலையத்தில் இறக்கிவிடும். பையை அறையில் வைத்துவிட்டு முதலில் போக வேண்டிய இடம் சண்டே மார்க்கெட். ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதியில் மற்ற கடைகள் மூடியிருக்க, தெருவின் இரு பக்கமும் நடைபாதைக் கடைகள் முளைத்துவிடும். துணிமணி, செருப்பு, பாத்திரம், பழைய புத்தகம் எல்லாம் கிடைக்கும். பேரம் பேசத் தெரிந்தவர்களுக்குக் கொண்டாட்டம்தான். பிள்ளைகளுக்கு இங்கேயே வாங்கிவிட்டால் கடற்கரைச் சாலைக் கடைகளில் கை வைக்க வேண்டியிருக்காது.

மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையை மூடிவிடுவார்கள். மறுநாள் காலை ஏழரை வரை வண்டி எதுவும் வராது. பிள்ளைகளை ஓட விடலாம், பெரியவர்கள் காலாற நடக்கலாம். காந்தி சிலை, 1836-ல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கும்.

மல்லாட்டை போடுகிறவர்கள் அந்தக் கடலைப் பார்த்துச் சற்று நேரம் நிற்க வேண்டும். 'மணிலாக்கொட்டை'தான் தென்னார்க்காட்டு வாயில் 'மல்லாட்டை' ஆனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னார்க்காட்டு மல்லாட்டை மூட்டை மூட்டையாக இந்தக் கரைக்குத்தான் வந்தது. இங்கே கப்பலேறிப் பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போனது. அங்கே செக்காலைகளில் எண்ணெயாகிச் சோப்புக்கும் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது, 1879-ல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்தது. இரண்டும் அந்த வியாபாரத்துக்கு வழிவிட்டன. சரக்கு ஏறிய பழைய இரும்புப் பாலம் 1952 புயலில் போய்விட்டது. செஞ்சியில் பாட்டன் காலத்து மானாவாரிக் காட்டுக்கும் பிரெஞ்சுக்காரன் சோப்புக்கும் நடுவில் இருந்த இடம் இந்தக் கரை.

கரையில் மணலுக்குப் பதில் கருங்கல் குவிந்திருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. ஒரு காலத்தில் இங்கே அகலமான மணல் கரை இருந்தது. இந்தக் கடலோரத்தில் ஆண்டின் பெரும் பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1980-களின் கடைசியில் நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில், துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். தலைமடையில் அடைத்தால் கடைமடை காய்வது போல, மணல் தெற்கே தேங்கியது, வடக்கே நகரக் கரையை அலை தின்றது. கரையைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு அதற்கும் வடக்கே தமிழ்நாட்டு மீனவர் குப்பங்களுக்கு நகர்ந்தது. பிறகு 2018-ல் தலைமைச் செயலகம் அருகே கடலுக்குள் திட்டு அமைத்ததில் ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. மடைச் சண்டை பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைக்கப் பெரிய விளக்கம் தேவையில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. ஏரியில் நீந்தத் தெரிந்த துணிச்சலில் இந்தக் கடலில் இறங்க வேண்டாம். கல்லில் பாசி வழுக்கும். அலை திரும்பும்போது ஆளை இழுக்கும். உயிர் போன கதைகள் நிறைய உண்டு. பிள்ளைகளின் கையை விடக் கூடாது.

திங்கள்: ஏரிக்கரைப் பக்கம்

திங்கட்கிழமை நகரத்தில் அருங்காட்சியகம் மூடியிருக்கும். ஆனால் வேளாண் அலுவலகங்களுக்கு அது வேலை நாள். அதனால் அன்று நகரத்தை விட்டு வெளியே கிளம்பலாம்.

விழுப்புரம் சாலைப் பக்கம் குரும்பாப்பட்டில் பெருந்தலைவர் காமராஜர் கிருஷி விக்யான் கேந்திரா இருக்கிறது. இன்று இந்தியா முழுக்க மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கு மூத்தது புதுச்சேரி நிலையம்தான். நாட்டின் முதல் கே.வி.கே. 1974-ல், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில், புதுச்சேரியில்தான் தொடங்கியது. முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போனால் சுற்றிப் பார்க்க வசதியாக இருக்கும். சும்மா போகாமல், வயலில் தீராத பூச்சி, நோய்ப் படங்களைச் செல்போனில் எடுத்துப் போய்க் காட்டிக் கேட்கலாம். பயணத்துக்கு ஆன செலவில் கொஞ்சம் அங்கேயே திரும்பிவிடும்.

அதே சாலையில் இன்னும் மேற்கே போனால் ஊசுட்டேரி. புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் பெரியது இது, சுமார் 800 ஹெக்டேர். பாதி ஏரி புதுச்சேரிக்கு, பாதி தமிழ்நாட்டுக்கு. எல்லைக்கோடு தண்ணீரில் போகிறது. புதுச்சேரி அரசு 2008-ல் தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. கார்த்திகையிலிருந்து மாசி வரை வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்கும். புதுச்சேரி நகரம் குடிப்பது பெரும்பாலும் நிலத்தடி நீர்தான், கடலோரப் பக்கம் உப்பு ஏறும் கவலையும் இருக்கிறது. ஏரியில் நிற்கும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கினால்தான் ஊரில் குழாய் ஓடும். கடற்கரையில் நடக்கும் சுற்றுலாக் கூட்டத்தில் எத்தனை பேர் இங்கே வந்து பார்க்கிறார்கள்?

மதியத்துக்கு மேல் இரண்டு வழி இருக்கிறது. முதல் முறையில் வருகிற குடும்பங்கள் வடக்கே ஆரோவில்லுக்கும், அடுத்த முறையில் வருகிறவர்கள் தெற்கே பாகூருக்கும் போகலாம். ஊருக்குப் போய் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக் கதை மிஞ்சும்.

ஆரோவில் 1968 பிப்ரவரி 28-ல் தொடங்கியபோது அந்த மேட்டில் மரம் அபூர்வம். மழை பெய்தால் செம்மண் கரைந்து ஓடைகளை வெட்டிக்கொண்டு கடலுக்குப் போகும். வந்து குடியேறியவர்கள் முதலில் செய்தது வரப்பு போட்டுத் தண்ணீரை நிறுத்தியது, குழி வெட்டிக் கன்று நட்டது, ஆடு மாடு கடிக்காமல் காத்தது. முதலில் வறட்சி தாங்கி வேகமாக வளரும் மரங்கள், அவற்றின் நிழலில் இந்த மண்ணுக்கே உரிய காட்டு மரங்கள். இன்று அங்கே காடு நிற்கிறது. தங்க நிற மாத்ரி மந்திரை வெளியே உள்ள பார்வை மேடையிலிருந்து பார்க்கலாம். அதற்கான சீட்டைப் பார்வையாளர் மையத்தில் தருகிறார்கள். உள்ளே போவதற்கு முன்பதிவு வேண்டும். விவசாயிக்கு அந்தக் கோளத்தைவிட, போகும் வழியில் உள்ள வரப்புகளும் மரங்களும்தான் பாடம். மேட்டுக்காடு வைத்திருப்பவர்கள் நின்று பார்க்க வேண்டியவை அவை.

பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற தாசி குலத்துச் சகோதரிகள் இருவர் தங்கள் சொத்தைச் செலவழித்து அந்த வாய்க்காலை வெட்டினார்கள் என்பது ஊர் வழக்கு. மூலநாதர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில் இங்கே இருந்த கல்விச் சாலைக்கு மூன்று கிராமங்களைக் கொடையாக விட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. நெல் விளைந்த ஊரில்தான் கல்லூரியும் நடந்திருக்கிறது.

செவ்வாய்: ஆயி மண்டபம், பூங்கா, பஸ்

கடைசி நாள் காலை குபேர் மார்க்கெட். காய்கறி, பூ, மீன் எல்லாம் வந்து இறங்கும் நேரத்தில் போனால், ஊரில் தரகரிடம் கொடுக்கும் காய் இங்கே என்ன விலைக்குப் போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். பக்கத்திலேயே ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு இருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவிடம் துபாஷியாக இருந்தவர், 1736 முதல் நாட்குறிப்பு எழுதி வைத்தவர்.

அங்கிருந்து மணக்குள விநாயகரைக் கும்பிட்டுவிட்டுப் பாரதி பூங்காவுக்கு நடந்துவிடலாம். நடுவில் வெள்ளையாக நிற்பது ஆயி மண்டபம். புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் இதுதான். ராஜா ஒருவர் இரவில் விளக்கொளி வீசிய ஒரு மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கும்பிட்டாராம். அது தாசி ஒருத்தியின் வீடு என்று தெரிந்ததும் கோபத்தில் இடிக்கச் சொன்னாராம். ஆயி என்ற அந்தப் பெண் தானே வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்கிறது கதை. பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தபோது, அவள் நினைவாக இந்த மண்டபத்தை எழுப்பினார்கள். பாகூரில் சகோதரிகள், இங்கே ஆயி. ஊர் யாரை மதிக்கவில்லையோ அவர்கள் பேரில்தான் ஊருக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த மணிகளையும், ரோம் நாட்டு மதுச்சாடி ஓடுகளையும் பார்க்கலாம். தமிழ்நாட்டுச் சரக்கு கடல் தாண்டியது மல்லாட்டையில் தொடங்கியதில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

கடைசியாகத் தாவரவியல் பூங்கா. 1826-ல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்தது. பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். எந்தச் செடி இந்த மண்ணில் பிழைக்கும் என்று சோதித்துப் பார்த்த இடம். பெரிய மரங்களின் நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுப் பன்னிரண்டு மணிக்குப் பஸ் ஏறினால் மாலைக் கறவைக்கு முன் வீடு வந்துவிடலாம்.

பாட்டில் பேச்சு

புதுச்சேரியில் மது விலை குறைவு என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அங்கிருந்து தமிழ்நாட்டுக்குள் பாட்டில் கடத்திவருவது குற்றம் என்பதும், எல்லையில் சோதனைச் சாவடி இருக்கிறது என்பதும் பலருக்கு மாட்டிக்கொண்ட பிறகுதான் உறைக்கும். பத்து மாதம் சேர்த்த பணம் கோர்ட்டுக்கும் வக்கீலுக்கும் போய்விடும். குடித்துவிட்டுக் கடலில் இறங்கினால் பணத்தோடு போகாது. கூட்டாளிகள் குடும்பத்தோடு போவதில் உள்ள பெரிய லாபம், இந்தப் பேச்சு எழாமலே போவதுதான்.

அடுத்த முறை

மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் தீர்த்தவாரிக்கு வருகிறார்கள். கோயிலைப் பூட்டிப் போட்டுவிட்டு வருவதில்லை. அங்கே விளக்கேற்ற ஆள் வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். சாமிக்கே வருஷத்துக்கு ஒருமுறை கடல் பார்க்க வேண்டியிருக்கிறது. வயலிலும் தொழுவத்திலும் நாள் தவறாமல் நிற்பவர்களுக்கு வேண்டாமா?

செவ்வாய்க்கிழமை மாலை மாட்டுக்காரம்மா தொழுவத்துக்குள் போகும்போது, மாடு முகர்ந்து பார்த்துவிட்டுப் பாலை விடும். மூன்று நாள் கறந்த வீட்டுக்குச் சண்டே மார்க்கெட்டில் வாங்கிய ஒரு பாத்திரமும் மார்க்கெட்டில் வாங்கிய கருவாடும் போகும். அடுத்த மாதம் அவர்கள் முறை. "நாங்க போற வாரம் ஒங்க மாட்ட யாரு கறக்கறது?" என்று அந்த வீட்டில் இனி கேட்க வேண்டியதில்லை.